டாரசாஃப் என்றொரு வினைச்சொல்

கலிஃபோர்னியாவில் தெரபிஸ்ட்டாக வேலை பார்ப்பவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும்போது ஒரு சொல் அடிக்கடி வந்து விழும். "நேற்று சாயங்காலம் ஒரு டாரசாஃப் பண்ண வேண்டியதாகிவிட்டது" என்பார் ஒருவர். புதிதாகப் பயிற்சிக்கு வந்தவர் மேற்பார்வையாளரிடம் போய், "இது டாரசாஃபா இல்லையா?" என்று கேட்பார். 'டாரசாஃப் வார்னிங்' என்பது சட்டப் புத்தகத்திலும் உண்டு, பேச்சிலும் உண்டு. சிகிச்சைக்கு வந்தவர் இன்னாரைக் கொல்லப்போகிறேன் என்று சொல்லிவிட்டால், அந்த இன்னாருக்கும் போலீசுக்கும் தகவல் தெரிவிப்பதைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். ஒரே சொல் பெயராகவும் அடையாகவும் வினையாகவும் புழங்குகிறது.

அது ஒரு குடும்பப் பெயர். அந்தக் குடும்பத்தின் மகள் கொலையுண்டதால் சட்டத்துக்குள் நுழைந்தது. நுழைந்த ஐம்பது ஆண்டுகளில் அதன் பொருள் சுருங்கி, விரிந்து, மறுபடி சுருங்கி இருக்கிறது. இன்று அந்தச் சொல்லுக்குப் பேச்சில் இருக்கும் பொருள், அந்தப் பெயரில் நீதிமன்றம் சொன்னதைவிடச் சிறியது என்பது என் எண்ணம்.

முதலில் பெயரின் பூர்வீகம். தாராஸ் என்பது கீழைக் கிறிஸ்தவ உலகில் பழைய ஆண்பெயர். கிரேக்கத்தில் தராசியோஸ். 784 முதல் 806 வரை கான்ஸ்டாண்டிநோபிளின் தலைமைக் குருவாக இருந்த புனித தராசியோஸ் வழியாக அது ஸ்லாவிய மக்களிடம் பரவியது. உக்ரேனியக் கவி தாராஸ் ஷெவ்சென்கோவும், கோகலின் 'தாராஸ் புல்பா'வும் நமக்குத் தெரிந்த தாராஸ்கள். அதற்கும் முன்னால் போனால், பெயரகராதிகள் இரண்டு வழி காட்டுகின்றன. தெற்கு இத்தாலியில் இன்று தாரந்தோ எனப்படும் ஊரைப் பழைய கிரேக்கர்கள் தாராஸ் என்றார்கள். டால்ஃபின் மேல் ஏறி வரும் ஓர் இளைஞனை நாணயத்தில் அச்சிட்ட ஊர் அது. அவ்வூர்க்காரன் என்பது முதல் வழி. 'கலக்கு, குழப்பு' என்று பொருள்படும் கிரேக்க வினையோடு முடிச்சுப் போடுவது இரண்டாவது வழி. பின்னால் நடந்ததை வைத்து இரண்டாவதில் விதியைத் தேட ஆசை வரும். ஒலி ஒப்புமையை வைத்து வேர் சொல்லக் கூடாது என்பதால் அதை அங்கேயே விட்டுவிடலாம். நம் காதுக்கு இந்தப் பெயரில் 'தராசு' கேட்கிறது. அந்தரங்கத்தை ஒரு தட்டிலும் உயிரை மறு தட்டிலும் வைத்துப் பார்த்த வழக்குக்கு எத்தனை பொருத்தம் என்றும் தோன்றுகிறது. தராசு பாரசீகத்திலிருந்து நம்மிடம் வந்த சொல். இரண்டுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

தாராஸோடு சேரும் 'ஒவ்' விகுதி உடைமை விகுதி. 'யாருடையவன்?' என்ற கேள்விக்குப் பதில். தாராஸினுடைய மகன் தராசவ். மகளாக இருந்தால் தராசவா. ரஷ்யாவின் புகழ்பெற்ற ஃபிகர் ஸ்கேட்டிங் பயிற்சியாளர் ஒருவர் டாட்டியானா தராசவா. நம் வழக்கின் பெண்ணுடைய அதே பெயர்தான், ரஷ்ய இலக்கணப்படி எழுதினால். அமெரிக்கப் பதிவேடுகளுக்கு அந்த இலக்கணம் கிடையாது. அப்பா பெயர் எப்படியோ மகள் பெயரும் அப்படியே. அதனால் அவர் டாட்டியானா டாரசாஃப்.

'ஒவ்' எப்படி 'ஆஃப்' ஆனது என்பதிலும் ஒரு சரித்திரம் இருக்கிறது. ரஷ்ய உச்சரிப்பில் சொல்லின் கடைசியில் வரும் 'வ்', 'ஃப்' போலத்தான் ஒலிக்கும். புரட்சிக்கு முன்பும் பின்பும் ரஷ்யாவை விட்டு மேற்கே போனவர்கள் பிரெஞ்சுக்காரர், ஜெர்மானியர் காதில் விழுந்தபடி இரட்டை 'எஃப்' போட்டு எழுதினார்கள். ராஹ்மானினாஃப், ஸ்மிர்னாஃப், ரொமானாஃப் எல்லாம் அந்தக் காலத்து எழுத்துக்கூட்டல். பிற்பாடு வந்த முறைப்படியான ஒலிபெயர்ப்பில் 'வ்' நிலைத்தது. ஆகவே ஒரு ரஷ்யப் பெயரின் வாலில் இரட்டை 'எஃப்' இருந்தால், பெரும்பாலும் அது ஊரை விட்டுப் போன குடும்பம் என்று ஊகிக்கலாம். ரஷ்யர் 'தரா' என்று இரண்டாம் அசையில் அழுத்துவதை, அமெரிக்கர் முதல் அசைக்குத் தள்ளி, தகரத்தை டகரமாக்கி 'டாரசாஃப்' என்கிறார்கள். சட்டச் சொல்லாக ஆனது அமெரிக்க வாயில் வந்த அந்த வடிவம்தான் என்பதால் நானும் டகரத்திலேயே எழுதுகிறேன்.

இனி, அந்தப் பெயர் சட்டத்துக்குள் போன வழி.

1967 செப்டம்பரில் வங்காளத்து மாணவர் ஒருவர் கப்பல் கட்டுமானப் பொறியியலில் மேற்படிப்புக்காக பெர்க்கிலியின் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்துக்கு வந்தார். வெளிநாட்டு மாணவர்கள் தங்கும் இண்டர்நேஷனல் ஹவுஸில் அறை. 1968 இலையுதிர் காலத்தில் அங்கே நடந்த நாட்டுப்புற நடன வகுப்பில் டாட்டியானாவைச் சந்தித்தார். வாரத்துக்கு ஒருமுறை பார்த்துக்கொண்டார்கள். புத்தாண்டுக்கு முந்தைய இரவு அந்தப் பெண் அவருக்கு ஒரு முத்தம் கொடுத்தார். அவர் அதைக் கல்யாணத்துக்கு நிகரான உறுதியாக எடுத்துக்கொண்டார். தனக்கு அப்படி எண்ணம் இல்லை என்று அந்தப் பெண் சொன்ன பிறகு சாப்பாடு, தூக்கம், படிப்பு எல்லாம் கெட்டது. 1969 கோடையில் டாட்டியானா பிரேசிலுக்குப் போயிருந்தார். நண்பர் ஒருவர் வற்புறுத்த, மாணவர் பல்கலைக்கழக மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போகத் தொடங்கினார்.

ஆகஸ்ட் 20 அன்று, பிரேசிலிலிருந்து ஒரு பெண் திரும்பி வந்ததும் அவளைக் கொல்லப்போவதாகத் தன் உளவியலாளரிடம் சொன்னார். பெயர் சொல்லவில்லை. ஆனால் யாரென்று கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. உளவியலாளர் சும்மா இருக்கவில்லை. சக மருத்துவர்கள் இருவரின் சம்மதத்தோடு, இவரைக் கட்டாயக் கண்காணிப்பில் வைக்க வேண்டும் என்று முடிவு செய்தார். வளாகக் காவலர்களிடம் வாய்மொழியாகச் சொன்னார். பிறகு காவல் தலைவருக்குக் கடிதமும் எழுதினார். ஒருவரை 72 மணி நேரம் கட்டாயமாக மருத்துவமனையில் வைக்க வழி செய்யும் புதிய சட்டம் அந்த ஜூலை மாதம்தான் கலிஃபோர்னியாவில் நடைமுறைக்கு வந்திருந்தது. அதன் 5150-ஆம் பிரிவும் பின்னாளில் சொல்லாகிவிட்டது. 'ஃபிஃப்டி ஒன் ஃபிஃப்டி' என்றால் புத்தி பேதலித்தவன் என்று கொச்சையில் அர்த்தம், ராக் குழு ஒன்று அதையே தன் இசைத்தட்டுக்குத் தலைப்பாகவும் வைத்தது. சட்டத்தில் எண்ணும் வார்த்தையாகும், பெயரும் வார்த்தையாகும்.

காவலர்கள் மாணவரைப் பிடித்துப் பேசிப் பார்த்தார்கள். தெளிவாகத்தான் பேசினார். அந்தப் பெண் பக்கம் போக மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தார். விட்டுவிட்டார்கள். இதன் பிறகு நடந்ததுதான் எனக்கு இந்த வழக்கிலேயே மனதை உறுத்தும் இடம். மனநலப் பிரிவின் தலைவர், காவல் தலைவருக்கு எழுதிய கடிதத்தைத் திருப்பி அனுப்பச் சொன்னார். அதன் நகல்களையும் உளவியலாளரின் சிகிச்சைக் குறிப்புகளையும் அழிக்கச் சொன்னார். மாணவரை மருத்துவமனையில் வைக்க மேற்கொண்டு எதுவும் செய்ய வேண்டாம் என்றார். மாணவரும் சிகிச்சைக்கு வருவதை நிறுத்திவிட்டார். பிரேசிலில் இருந்த பெண்ணுக்கோ, ஊரில் இருந்த பெற்றோருக்கோ ஒரு வார்த்தை போகவில்லை. அக்டோபர் 27 அன்று மாணவர் டாட்டியானாவின் வீட்டுக்குப் போய் அவரைக் கொன்றார். பிறகு தானே போலீசுக்குத் தகவல் சொன்னார்.

பெற்றோர் பல்கலைக்கழகத்தின் ஆட்சிமன்றத்தின் மீதும், மருத்துவர்கள், காவலர்கள் மீதும் வழக்குப் போட்டார்கள். தலைப்பு: டாரசாஃப் எதிர் கலிஃபோர்னியா பல்கலைக்கழக ரீஜெண்ட்ஸ். இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். தலைப்பில் இருக்கும் டாரசாஃப் இறந்துபோன பெண் அல்ல. இறந்தவர் வழக்காட முடியாது. அது அவருடைய அப்பா அம்மா, மனுதாரர்கள். தெரபிஸ்ட்கள் 'டாரசாஃப்' என்னும்போது அந்தப் பெண்ணை நினைக்கலாம்; சட்டம் குறிப்பது மகளைப் பறிகொடுத்துக் கேள்வி கேட்டவர்களை.

கீழ் நீதிமன்றம் வழக்கை வாசலிலேயே தள்ளிவிட்டது. நீங்கள் சொல்வதெல்லாம் உண்மையாகவே இருந்தாலும் சட்டப்படி இவர்களுக்குப் பொறுப்பு இல்லை என்றது. மாநில உச்ச நீதிமன்றம் 1974 டிசம்பர் 23 அன்று அதை மாற்றியது. பாதிக்கப்படப் போகிறவரை எச்சரிக்கும் கடமை தெரபிஸ்ட்டுக்கு உண்டு என்று தீர்ப்பு. மனநலத் துறையில் பெரும் கலக்கம். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் போன்ற அமைப்புகள் வழக்கில் தலையிட்டு, வன்முறையை முன்கூட்டியே கணிக்கும் வித்தை எங்களிடம் இல்லை, நோயாளியின் ரகசியம் உடைந்தால் சிகிச்சையே உடைந்துவிடும் என்றன. நீதிமன்றம் மறுவிசாரணைக்கு ஒப்புக்கொண்டது. அதே நீதிமன்றம் அதே வழக்கை இரண்டாம் முறை கேட்டுத் தன் முதல் தீர்ப்பையே ஓரங்கட்டுவது அபூர்வம்.

இரண்டாம் தீர்ப்பு 1976 ஜூலை 1-ல் வந்தது. எழுதியவர் நீதிபதி மேத்யூ டோப்ரினர். இன்று செல்லுபடியாவது இதுதான். தன் நோயாளியால் இன்னொருவருக்குக் கடும் வன்முறை ஆபத்து இருக்கிறது என்று தெரபிஸ்ட் கண்டுகொண்டாலோ, தொழில் நெறிப்படிக் கண்டுகொண்டிருக்க வேண்டும் என்றாலோ, அந்த மற்றவரைக் காக்க நியாயமான அக்கறை எடுக்கும் கடமை அவருக்கு வந்துவிடுகிறது. எச்சரிப்பது ஒரு வழி. போலீசுக்குச் சொல்வது ஒரு வழி. நிலைமைக்குத் தக்கபடி வேறு எது நியாயமோ அது இன்னொரு வழி. 1974-ல் 'எச்சரி' என்றது 1976-ல் 'காப்பாற்று' என்று ஆனது. பொதுமக்களுக்கு ஆபத்து தொடங்கும் இடத்தில் ரகசியத்துக்கான பாதுகாப்பு முடிந்துவிடுகிறது என்று டோப்ரினர் எழுதிய வரியை அமெரிக்கச் சட்ட மாணவர்கள் மனப்பாடமாகச் சொல்வார்கள்.

எதிர்த்து எழுதிய நீதிபதி வில்லியம் கிளார்க்கின் வாதமும் லேசானதல்ல. வெளியே போய்விடும் என்று தெரிந்தால் நோயாளி வாய் திறக்க மாட்டார், சிகிச்சைக்கே வர மாட்டார், குணமாகாத கோபம் யார் மேலாவது பாயும். காக்கப் போய் ஆபத்தைக் கூட்டிவிடுவீர்கள் என்றார். நீதிபதி மாஸ்க் நடுவில் நின்றார். தெரபிஸ்ட் தானாகவே ஆபத்தைக் கணித்துவிட்டார் என்றால் பொறுப்பு சரி. 'கணித்திருக்க வேண்டும்' என்று பின்னால் சொல்வது ஜோசியம் பார்க்கச் சொல்வது போல என்றார்.

இந்த வழக்கில் யார் தவறு செய்தார்கள் என்று எந்த ஜூரியும் தீர்மானிக்கவில்லை. உச்ச நீதிமன்றம் சொன்னது, மனுவில் உள்ளவை உண்மை என்று வைத்துக்கொண்டால் வழக்கு நடக்கத் தகுதியுடையது என்பதுதான். விசாரணைக்கு முன்பே சமரசமாகிவிட்டது. ஐம்பது ஆண்டுகளாகப் பாடம் நடத்தப்படும் 'டாரசாஃப் உண்மைகள்' சாட்சிக் கூண்டில் ஏறியவை அல்ல. இரண்டு பெற்றோரின் மனுவில் எழுதியவை.

தீர்ப்பு வெளியானதும் பெயர் கழன்று தனியே நடக்க ஆரம்பித்தது. அமெரிக்கச் சட்டத்தில் இதற்கு முன்னோடி உண்டு. 1966-ஆம் ஆண்டு மிராண்டா வழக்குக்குப் பிறகு, கைதானவரிடம் 'பேசாமல் இருக்க உங்களுக்கு உரிமை உண்டு' என்று வாசிப்பதற்கே 'மிராண்டைஸ்' என்ற வினைச்சொல் பிறந்தது. மிராண்டா குற்றம் சாட்டப்பட்டவர். மறுபக்கம், ஒரு குழந்தையின் கொலைக்குப் பிறகு ஊர் கூடி அந்தக் குழந்தையின் பெயரையே சட்டத்துக்கு வைப்பதும் அங்கே வழக்கம். 'மேகன் சட்டம்', 'ஆம்பர் அலர்ட்' அப்படி வந்தவை. டாரசாஃப் இரண்டிலும் சேராது. யாரும் அஞ்சலியாக வைத்த பெயர் அல்ல. கோப்பின் தலைப்பு பேச்சில் சுருங்கி நின்றது, அவ்வளவுதான். நம் நாட்டிலும் வழக்கறிஞர்கள் 'பொம்மை', 'கேசவானந்த பாரதி', 'ஷா பானு' என்று ஒற்றைச் சொல்லில் முடித்துக்கொள்கிறார்கள். ஆனால் 'பொம்மை பண்ணிவிட்டேன்' என்று எந்த வழக்கறிஞரும் சொல்லிக் கேட்டதில்லை. வினையாவதற்கு, அந்தப் பெயரை வைத்து ஒருவர் தினமும் கையால் ஏதாவது செய்ய வேண்டியிருக்க வேண்டும். டாரசாஃபில் செய்ய ஒரு காரியம் இருந்தது. தொலைபேசியை எடுப்பது.

அதைப் பக்கத்தில் நின்று பார்த்தால் பெயர் எப்படிச் சுருங்கியது என்று புரியும். ஐம்பது நிமிட அமர்வு முடிந்து நோயாளி எழுந்து போயிருப்பார். போகிற போக்கில் மைத்துனனைப் பற்றி ஏதோ சொல்லியிருப்பார். தெரபிஸ்ட் மேற்பார்வையாளரைத் தேடுவார். சொன்னது மிரட்டலா, எரிச்சலில் வந்த பேச்சா? ஆள் யாரென்று அடையாளம் தெரிகிறதா? கையில் துப்பாக்கி இருக்கிறதா? முடிவானதும் போலீசுக்கு ஒரு அழைப்பு, மைத்துனனுக்கு ஒரு அழைப்பு. பிறகு கோப்பில் குறிப்பு: நோயாளி சொன்ன வார்த்தைகள் மேற்கோள் குறிக்குள், எத்தனை மணிக்கு யாரிடம் பேசினேன், அந்தக் காவலரின் பேட்ஜ் எண், புகார் எண். இத்தனையும் எழுதி முடித்தால் 'டாரசாஃப்' முடிந்தது. அடுத்த வாரம் அந்த நோயாளி வருவாரா, வந்தால் என்ன பேசுவது, அமர்வுகளை அடிக்கடி வைக்கலாமா, மருந்தை மாற்றலாமா, மனைவியை உடன் அழைத்து வரச் சொல்லலாமா என்ற கேள்விகள் எல்லாம் இருக்கின்றன. 1976 தீர்ப்பு கேட்டது இந்தக் கேள்விகளையும் சேர்த்துத்தான். ஆனால் அவற்றைச் செய்ததற்கு 'டாரசாஃப் பண்ணினேன்' என்று யாரும் சொல்வதில்லை. பேச்சுவழக்கு 1974-லேயே நின்றுவிட்டது.

சட்டமன்றமும் பேச்சுவழக்கின் பின்னாலேயே போனது. தெரபிஸ்ட்கள் எல்லை தெரியாமல் தவித்ததால் கலிஃபோர்னியா 1985-ல் குடிமைச் சட்டத்தில் 43.92 என்ற பிரிவைச் சேர்த்தது. நோயாளி தன் தெரபிஸ்ட்டிடம், அடையாளம் காணத்தக்க ஒருவர் மேல் கடுமையான உடல் வன்முறை மிரட்டலைத் தெரிவித்தால் மட்டுமே பொறுப்பு. அந்த ஒருவருக்கும் காவல் துறைக்கும் தகவல் சொல்ல நியாயமான முயற்சி எடுத்துவிட்டால் கடமை தீர்ந்தது. இதற்கு அந்தப் பிரிவு சூட்டிய பெயர் 'எச்சரித்துக் காக்கும் கடமை'. இரண்டும் பெயரில் இருந்தாலும், செய்ய வேண்டியதாகச் சொன்னது எச்சரிக்கையை மட்டும். 2004-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று, மிரட்டல் நோயாளியின் வாயிலிருந்துதான் வர வேண்டும் என்றில்லை, சிகிச்சை தொடர்பாக அவர் குடும்பத்தார் தெரபிஸ்ட்டிடம் சொன்னாலும் கணக்கில் வரும் என்றது. பிறகு சட்டமன்றம் பிரிவைத் திருத்தி, இரண்டு அழைப்பையும் செய்தவருக்கு அது ஒரு காப்பு அரண் என்றும், செய்யாத ஒரே காரணத்தால் அவர் தவறியவர் ஆகிவிட மாட்டார் என்றும் ஆக்கியது.

அடுத்து 2012-ல் நடந்ததைச் சொல்லாராய்ச்சிக்காரன் எவனும் தவறவிட மாட்டான். 'எச்சரித்துக் காக்கும் கடமை' என்று இருந்ததை வெறும் 'காக்கும் கடமை' என்று மாற்றினார்கள். மாற்றிவிட்டு, இந்தத் திருத்தம் கடமையின் பெயரை மட்டுமே மாற்றுகிறது, கடமையில் ஒரு மாற்றமும் இல்லை என்று அந்தப் பிரிவுக்குள்ளேயே எழுதி வைத்தார்கள். ஒரு சொல்லை எடுப்பதற்காக ஒரு மாநிலச் சட்டமன்றம் கூடி, எடுத்ததால் ஒன்றும் ஆகவில்லை என்று சட்டமாகவே பதிவு செய்திருக்கிறது. வேலையற்ற வேலை என்று சிலருக்குத் தோன்றலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. முப்பத்தாறு ஆண்டுகளாக எல்லோர் வாயிலும் தவறாக இருந்த பெயரைச் சரியான இடத்துக்குத் திருப்ப, சட்டமன்றத்திடம் இருந்த ஒரே கருவி அதுதான்.

பெயர் புதிய பொருள்களையும் சுமக்கத் தொடங்கியிருக்கிறது. இப்படி ஒரு மிரட்டலை தெரபிஸ்ட் போலீசுக்குத் தெரிவித்தால், அந்த நோயாளி 5 ஆண்டுகள் துப்பாக்கி வைத்திருக்க முடியாது. தகவலும் 24 மணி நேரத்துக்குள் போக வேண்டும். முன்பு தடை 6 மாதம்தான். டோப்ரினரின் தீர்ப்பில் துப்பாக்கித் தடை பற்றிப் பேச்சே இல்லை. மாநில எல்லை தாண்டினால் பொருள் மாறுகிறது. சில மாநிலங்களில் கட்டாயம், சில மாநிலங்களில் விருப்பம். டெக்சஸ் உச்ச நீதிமன்றம் 1999-ல் அப்படி ஒரு கடமையே எங்கள் மாநிலத்தில் கிடையாது என்றது. ஊருக்கு ஊர் பொருள் மாறினாலும் பெயர் மாறவில்லை.

கொன்றவர் பெயருக்கு என்ன ஆயிற்று? அதுவும் சட்டத்துக்குள் போனதுதான். 'மக்கள் எதிர் பொத்தார்' என்ற வழக்கில் இரண்டாம் நிலைக் கொலைக்குத் தண்டிக்கப்பட்டார். மனநிலை குன்றியிருந்தது பற்றி ஜூரிக்குச் சரியாக விளக்கவில்லை என்று மாநில உச்ச நீதிமன்றம் 1974 பிப்ரவரியில் தண்டனையை ரத்து செய்தது. மறுபடி வழக்கு நடத்தாமல், நாட்டுக்குத் திரும்பிப் போகிறார் என்ற உறுதியின் பேரில் விட்டுவிட்டார்கள். அதே நீதிமன்றம், அதே ஆண்டின் டிசம்பரில்தான் முதல் டாரசாஃப் தீர்ப்பைச் சொன்னது. பொத்தார் வழக்கு நின்ற 'குன்றிய மனநிலை' என்ற வாதத்தையே 1980-களின் தொடக்கத்தில் கலிஃபோர்னியா ஒழித்துவிட்டது. இன்று அந்த வழக்கைத் தேடிப் போகிறவர்கள் டாரசாஃபுக்கு முன்கதை வேண்டித்தான் போகிறார்கள். பொத்தார் என்ற பெயரும் சும்மா வந்ததல்ல. பாரசீகத்தில் பணப்பைக்கு 'ஃபோதா'. அதை வைத்திருப்பவர் ஃபோத்தாதார், முகலாயர் ஆட்சியில் பரகணாக்களின் கஜானாக்காரர். நாணயம் பார்த்து வாங்கி வைப்பவர். சங்க காலத்தில் நம்மவர்கள் வண்ணக்கன் என்று அழைத்த தொழிலுக்குப் பக்கத்துத் தொழில். வங்காளத்தில் அது குடும்பப் பெயராகத் தங்கியது. இரண்டு குடும்பப் பெயர்கள் ஒரே சம்பவத்திலிருந்து சட்டப் புத்தகத்துக்குள் போயின. ஒன்று நிலைத்தது, ஒன்று அடிக்குறிப்பானது.

ஏன் நிலைத்தது என்பதற்கு எனக்கு ஒரு காரணம் தெரிகிறது. இதே கேள்வி மற்ற நாடுகளிலும் நீதிமன்றம் ஏறியிருக்கிறது. இங்கிலாந்தில் 1990-ல், ஐந்து பேரைக் கொன்று பாதுகாப்பு மருத்துவமனையில் இருந்த ஒருவரைப் பற்றித் தன் கணிப்பை அதிகாரிகளுக்கு அனுப்பிய மருத்துவர் செய்தது சரியே என்று தீர்ப்பு வந்தது. அந்த நோயாளி பதிவேட்டில் 'டபிள்யூ' என்ற ஓர் எழுத்து மட்டும்தான். கனடாவில் 1999-ல், வான்கூவரின் பாலியல் தொழிலாளர்களைக் கொல்லும் திட்டத்தைப் பிரதிவாதி ஒருவர் தன் வக்கீல் அனுப்பிய மனநல மருத்துவரிடம் சொல்லிவிட, வழக்கு 'ஸ்மித் எதிர் ஜோன்ஸ்' என்று நடந்தது. ஸ்மித்தும் புனைபெயர், ஜோன்ஸும் புனைபெயர். அங்கெல்லாம் வழக்கின் மையத்தில் நின்றது ரகசியத்தைக் காப்பாற்றிக்கொள்ள வேண்டிய நோயாளி. அவர் பெயரை நீதிமன்றம் மறைத்தாக வேண்டும். டாரசாஃபில் நீதிமன்றம் போனது செத்தவரின் குடும்பம். மறைக்க அவர்களுக்கு எதுவும் இல்லை; ஊரறியச் சொல்லத்தான் போனார்கள். அதனால் பெயர் வெளியே நின்றது.

நம் நாட்டு வழக்கும் மறைந்த பெயர்களின் வழக்குதான். அது மனநலம் பற்றியதல்ல, எச்ஐவி பற்றியது. ஆனால் கேள்வி ஒன்றே. 1995-ல் சென்னை மருத்துவமனை ஒன்றில் வேறொருவரின் அறுவைச் சிகிச்சைக்காக ரத்தம் கொடுக்க வந்தவருக்கு எச்ஐவி இருப்பது தெரிந்தது. செய்தி வெளியே போய், நிச்சயமாகியிருந்த கல்யாணம் நின்றது. ரகசியத்தை உடைத்ததற்கு நஷ்ட ஈடு கேட்டு அவர் உச்ச நீதிமன்றம் வரை போனார். 1998-ல் நீதிமன்றம், மணக்கப்போகும் பெண்ணின் உயிர் சம்பந்தப்பட்ட இடத்தில் மருத்துவமனை சொன்னது தவறில்லை என்றது. எச்ஐவி உள்ளவரின் திருமண உரிமை பற்றி அந்தத் தீர்ப்பு தேவையில்லாமல் சொன்ன சில வார்த்தைகளை 2002-ல் இன்னொரு அமர்வு விலக்கிவைத்தது. வழக்கின் பெயர் 'திரு. எக்ஸ் எதிர் இஸட் மருத்துவமனை'. எக்ஸ், இஸட் என்ற பெயர்களிலிருந்து வினைச்சொல் பிறக்க வழியில்லை.

2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் 23-ஆம் பிரிவில் நோயாளியின் ரகசியத்தை உரிமையாக்குகிறது. விதிவிலக்குகளில் ஒன்று, மற்றவரைத் தீங்கிலிருந்தோ வன்முறையிலிருந்தோ காக்க வேண்டியிருந்தால் தகவலை வெளியிடலாம் என்பது. அதுவும் அந்தத் தீங்கைத் தடுக்க எவ்வளவு தேவையோ அவ்வளவு மட்டும். அந்த விதிவிலக்கு 'வெளியிட வேண்டும்' என்று சொல்லவில்லை. வெளியிட இடம் தருகிறது. கலிஃபோர்னியாவில் கடமை, இங்கே அனுமதி. இந்திய மனநல மருத்துவ மாணவர்கள் படிக்கிற பாடப் புத்தகங்களிலோ இந்த இடத்துக்கு வரும் பெயர் டாரசாஃப்தான். தேர்வில் அது கேள்வியாக வரும்போது 'எச்சரிக்கும் கடமை' என்று எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போகிறவர்களே அதிகம் இருப்பார்கள். விடைத்தாளைத் திருத்துகிறவர் 1976 ஜூலைத் தீர்ப்பைப் படித்தவராக இருந்தால், அந்த விடைக்குப் பாதி மதிப்பெண்தான் போடுவார்.